குண்டூசிக்கு, காட்பாடியிலிருந்து

காந்தி நகர், காட்பாடி
மார்ச் 9

அன்புள்ள குண்டூசி,

திட்டுவதாக இருந்தால் முதலில் திட்டி முடித்துவிடு, அப்புறம் படி. ஊருக்கு வந்து ஆறு நாளாகிறது. வந்த அன்றைக்கே உனக்கு போன் செய்திருக்க வேண்டும். நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தேன், அழுத்த மனசு வரவில்லை. போன அக்டோபரில் உங்கப்பா போனபோது உன்னோடு இரண்டு நிமிடம் பேசினேன். அதிலும் பாதி நேரம் லைன் சரியாக இல்லை. அதற்கப்புறம் நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான். ஒருநாளும் மறக்கவில்லையடி. பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி நன்றாக இருக்கிறாள். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. பூனைக்கண் மிஸ்ஸை மார்க்கெட்டில் பார்த்தேன், என்னைப் பார்த்ததும் "அவ எங்க?" என்று உன்னைத்தான் கேட்டார். சோடாபுட்டிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் தினமும் சாப்பிடுகிறேன், உனக்கும் ஒரு பை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரியில் ஒருநாள் காலை. கனடாவில், எங்கள் கால்கரியில் மைனஸ் 22 டிகிரி. அதற்கு இரண்டு நாள் முன்புதான் மலைப்பக்கமிருந்து சினூக் என்கிற வெதுவெதுப்பான காற்று அடித்து, தெருவில் கிடந்த பனியெல்லாம் உருகி ஓடியது. பின்னாலேயே குளிர் திரும்பி வந்து அந்தத் தண்ணீரை அப்படியே ரோட்டோடு உறைய வைத்துவிட்டது. பார்த்தால் மழை பெய்து நனைந்த தார் ரோடு மாதிரிதான் இருக்கும். பாப்பாவைப் பள்ளியில் விடப் போய்க்கொண்டிருந்தேன். இறக்கத்தில் சிக்னல், சிவப்பு விளக்கு. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. வேகம்கூட இல்லை, நடக்கிற வேகம்தான். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் நேராகவே வழுக்கிக்கொண்டு போகிறது. சிக்னலைத் தாண்டி நடுச்சந்திக்குள் போய், எதிர்ப்பக்கத்து நடைமேடைக் கல்லில் முட்டித்தான் நின்றோம். குறுக்கே வந்த ஒரு லாரிக்காரர் முன்கூட்டியே பார்த்து நிறுத்தியிருந்ததால் இன்றைக்கு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். பாப்பா பின்சீட்டிலிருந்து, "ஏம்மா சிவப்புல போனீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

அன்று இரவே இவர் முடிவு செய்துவிட்டார், பழைய காரைக் கொடுத்துவிட்டு நான்கு சக்கரமும் இழுக்கிற எஸ்யூவி ஒன்று வாங்கிவிடலாம் என்று. பெரிய வண்டி வேண்டாம், எங்கள் தெருவுக்கும் கராஜுக்கும் அடங்குகிற மாதிரி சின்னது போதும். பிப்ரவரி பூராவும் சனி ஞாயிறு இதே வேலை. நான் எவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டேன் என்று உனக்குச் சொன்னால்தான் புரியும். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டேன், நம் கெமிஸ்ட்ரி ரெகார்டு மாதிரி.

நீ அந்த அப்பாவுக்குப் பெண், இதெல்லாம் உனக்குப் புரியும். அப்பாவின் ஜீப்பில் கியருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி இருக்குமே, அதைப் போட்டால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். "தார் ரோட்டுக்கு ஏறினதும் எடுத்துடணும், இல்லாட்டி திருப்பத்துல இறுக்கும்" என்று சொல்வாரே. இப்போது வருகிற வண்டிகளில் அந்தக் கம்பியே கிடையாது. பெரும்பாலான சுபாரு வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் சக்தி போய்க்கொண்டே இருக்கிறது. ஹோண்டா சிஆர்வி மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் முன்சக்கரம்தான் இழுக்கும், தேவை வரும்போது பின்னால் அனுப்பும். டொயோட்டா ரேவ்4 ஹைப்ரிட்டில் இன்னொரு விதம்: முன்னாலிருந்து பின்னால் போகிற தண்டே இல்லை, பின்சக்கரங்களுக்குத் தனியாக ஒரு மின்மோட்டார். இதைப் படித்தபோது அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஓட்டிப் பார்த்த கதைக்கு வருகிறேன். முதலில் போன ஷோரூமில் விற்பனையாளர் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இவரைப் பார்த்தே பதில் சொன்னார். ஓட்டப்போவது நான், லைசென்ஸ் காட்டியது நான். மூன்றாவது கேள்வியோடு சாவியைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இன்னோர் இடத்தில் வண்டி நன்றாகவே இருந்தது, மாஸ்டா சிஎக்ஸ்5. இதில் பழைய மாதிரி ஆறு கியர் ஆட்டோமேட்டிக், ஏறும்போது கியர் மாறுவது உடம்பில் தெரிகிறது, எனக்குப் பிடித்தது. ரேவ்4 ஹைப்ரிட் பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறது. இவருக்கு அதுதான் வேண்டும் என்று ஆசை. வேறொரு வண்டி, பேர் வேண்டாம், கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் அவ்வளவு தடிமன். இடதுபக்கம் திரும்பும்போது ரோட்டைக் கடந்த ஓர் ஆள் முழுசாக அதற்குப் பின்னால் மறைந்துவிட்டார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

கடைசியாக சுபாரு ஃபாரெஸ்டர். உட்கார்ந்ததும் நாலாபக்கமும் ரோடு தெரிகிறது, கண்ணாடிகள் அவ்வளவு அகலம். தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம். பனி விழுந்தால் பெரிய ரோடுகளைத்தான் முதலில் வழிப்பார்கள். எங்களைப் போன்ற உள்தெருவில் வண்டித் தடத்துக்கு நடுவே பனி மேடு கட்டி நிற்கும், பழைய காரின் வயிறு அதில் உரசிக்கொண்டே போகும். சீட்டும் சரியான உயரம். ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்காரலாம். நேற்று அம்மாவின் பிரம்பு நாற்காலியை டெய்லர் டேப்பால் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். ஜூலையில் அம்மா அங்கே வருகிறாள்.

ஆனால் அன்றைக்கு நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். கூட வந்த பெண் நல்லவள், சின்ன வயது. நான் கேட்டதும் ஒரு பெரிய கடையின் காலி வாகன நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனாள். ராத்திரி விழுந்த பனி, யாரும் தடம் பதிக்காதது. கிளப்பினேன். அடடா, வழுக்கல் என்பதே தெரியாமல் போகிறது. என் பழைய வண்டி அதே இடத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டு நின்றிருக்கும். எனக்கு ஒரே சந்தோஷம். "இப்போது 30ல் போய் அழுத்தமாக பிரேக் போடுங்கள்" என்றாள். போட்டேன். காலுக்கு அடியில் பிரேக் மிதி கடகடவென்று உதறுகிறது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க வண்டியே பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறதாம். ஆனால் வண்டி நிற்கிறதா? போய்க்கொண்டே இருக்கிறது குண்டூசி. ஜனவரியில் போன மாதிரியேதான் போகிறது. விளக்குக் கம்பத்துக்கு இன்னும் நிறைய இடம் இருந்தது, ஆபத்தில்லை. இருந்தாலும் நின்றதும் என் கை நடுங்கிவிட்டது.

அந்தப் பெண்தான் விளக்கினாள். நான்கு சக்கரமும் இழுப்பது கிளம்புவதற்கும் ஏறுவதற்கும்தான். நிறுத்துவதற்கு எல்லா வண்டிக்கும் ஏற்கெனவே நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. நிற்கிறதா இல்லையா என்பது டயர் தரையைப் பிடிப்பதைப் பொறுத்தது. 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப்போய்விடும். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மெத்தென்று இருக்கும். பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் நடுவே ஒரு பனிச்செதிலும் போட்டிருக்குமாம், அதைப் பார்த்து வாங்க வேண்டும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டமே. எங்கள் ஆல்பர்ட்டாவில் சட்டம் இல்லை, அவரவர் இஷ்டம். நாங்கள் இத்தனை வருஷமும் போடவில்லை. அன்றைக்குச் சிக்னலில் ஆல் வீல் டிரைவ் இருந்திருந்தாலும் அப்படியேதான் போய் முட்டியிருப்பேன். ஒருவேளை நன்றாக இழுக்கிறது என்ற தைரியத்தில் இன்னும் வேகமாக வந்திருப்பேன்.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பாலாறு கண்முன் வந்துவிட்டது.

உனக்கு ஞாபகம் இருக்கும், ஆக்ஸீலியம் கல்லூரியில் இரண்டாம் வருஷம். விருதம்பட்டு பக்கம் ஆற்றுக்குள் ஜீப்பை இறக்கி அப்பா என்னிடம் கொடுத்தார். உனக்குக் கொடுத்து ஒரு வாரம் கழித்து எனக்கு. மணலில் பின்சக்கரம் புதைந்ததும் நான் பயந்துபோய் ஆக்சிலேட்டரை அழுத்துகிறேன், அழுத்த அழுத்தக் குழி ஆழமாகிறது. கம்பியைப் போட்டும் வரவில்லை. நீ பின்னால் உட்கார்ந்துகொண்டு சிரித்தாய். அவர் திட்டவே இல்லை. இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாகக் குந்தி உட்கார்ந்தார். வேப்பங்குச்சி முனையால் வால்வை அழுத்திக் காற்றை இறக்கினார். புஸ்ஸ்ஸென்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே விரல் விட்டு எண்ணினார். மேல்சட்டைப் பையிலிருந்து அந்தப் பித்தளை கேஜை எடுத்து அளந்தார், இன்னும் கொஞ்சம் விட்டார். டயர் தொப்பை மாதிரி மணலில் பரவி உட்கார்ந்தது. "நாலு சக்கரமும் சுத்துனா மட்டும் போதுமா? தரையப் புடிக்கணுமில்ல" என்றார். அப்புறம் ஜீப் ஒன்றுமே நடக்காதது போல மெதுவாக வெளியே வந்தது. அதைத்தான் அந்தப் பெண்ணும் முப்பது வருஷம் கழித்து, மைனஸ் 15ல், வேறு பாஷையில் சொன்னாள். என்னால் அடக்க முடியவில்லை. அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து இவரோடு பெரிய விவாதம். இவருக்குத் தோல் சீட்டும் கூரைக் கண்ணாடியும் உள்ள விலை கூடிய மாடல் வேண்டும். நான் நடுத்தர மாடல் போதும், மிச்சமாகும் பணத்தில் தனி ரிம்மில் மாட்டிய குளிர்கால டயர் ஒரு செட் வாங்கலாம் என்கிறேன். நவம்பரில் மாட்டி, வசந்தம் வந்ததும் கழற்றி வைத்துவிடலாம். இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். இந்த மாதிரி வண்டிக்கு ஒரு டயர் போய்விட்டால் அதை மட்டும் புதிதாகப் போடுவது சரிவராது. நான்கும் கிட்டத்தட்ட ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்று பெரிய சுற்றாகவும் இன்னொன்று சின்னச் சுற்றாகவும் ஓடி நடுவில் இருக்கிற கிளட்ச் சூடாகிக் கெட்டுவிடும். அதனால் டயருக்கென்று பணம் ஒதுக்கியே ஆக வேண்டும். விலையில் ஒளிவுமறைவு அதிகம் இல்லை. ஆல்பர்ட்டாவில் டீலர் விளம்பரம் செய்கிற விலையிலேயே எல்லாக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும். அதற்குமேல் 5 சதவிகித ஜிஎஸ்டிதான். நான் கணக்கைப் போட்டு இவர் முன்னால் வைத்துவிட்டேன். "நீ ஊருக்குப் போய்ட்டு வா, கையெழுத்துப் போடலாம்" என்கிறார். சம்மதம் மாதிரிதான்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது.

முந்தாநாள் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கம்மா என்னைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் காபி போட்டுக் கொடுத்து, ஷெட்டைத் திறந்து காட்டினார். ஜீப் மேல் முருங்கை இலையும் தூசியும். நான்கு டயரும் தரையோடு உட்கார்ந்துவிட்டன. அவர் படுத்ததிலிருந்து எடுக்கவில்லை போலிருக்கிறது. காயலான் கடைக்காரர் இரண்டு தடவை வந்து விலை கேட்டாராம், "அவ என்ன சொல்றாளோ" என்று உங்கம்மா நிறுத்தி வைத்திருக்கிறார். நீ என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியாது. உன் கஷ்டம் உனக்கு. ஓசூரிலிருந்து அடிக்கடி வர முடியாது, வீட்டையும் பார்க்க வேண்டும். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் போடு. நான் தடுக்க மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை.

தோட்டப்பாளையத்து மெக்கானிக் ஞாபகம் இருக்கிறதா, அப்பாவை "சார் சார்" என்று சுற்றி வருவாரே, அவரிடமே சொல்லிவிட்டேன். நேற்று வந்து பார்த்தார். எஞ்சின் பிடித்துக்கொள்ளவில்லை, கையால் சுற்றினால் சுற்றுகிறது என்றார். பழைய டீசலை இறக்கிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும், பேட்டரி மாற்ற வேண்டும், பின்னால் இரண்டு டியூப் போட வேண்டும். எல்லாம் சனிக்கிழமைக்குள் முடித்துவிடுவார். ஆற்றையும் போய்ப் பார்த்தேன். 2021 வெள்ளத்துக்கு அப்புறம் அந்த இறக்கமே மாறிப்போயிருக்கிறது, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஆனால் பழைய பாலத்துக்கு மேற்கே கொஞ்சம் தள்ளி வண்டி இறங்குகிற அளவுக்கு வழி இருக்கிறது. மணலில் நடந்து பார்த்தேன், கால் கணுக்கால்வரை புதைகிறது.

டூல் பெட்டியில் அந்தப் பித்தளை கேஜ் இருந்தது, மஞ்சள் துணியில் சுற்றி. உங்கம்மாவிடம் கேட்டுத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். நீ சரி என்றால் அதை நான் கால்கரிக்குக் கொண்டுபோகிறேன். அங்கே தேவையும் இருக்கிறது. ஐந்தாறு டிகிரி குளிர் ஏற ஏற டயரில் ஒரு பவுண்டு காற்று குறையும் என்கிறார்கள். காட்பாடி வெயிலில் 33 அடித்த டயரை எங்கள் ஜனவரிக்குக் கொண்டுபோனால் பத்துப் பவுண்டு போலக் குறைந்துவிடும். நீயே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் தயங்காமல் சொல், பெட்டியிலேயே திரும்ப வைத்துவிடுகிறேன்.

எனக்கு 22ம் தேதி விமானம். 15ம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஓசூரில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குள் வந்துவிடலாம். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன், பிள்ளைகளையும் கூட்டி வா. வெயில் ஏறுவதற்குள் ஆற்றில் இறக்கிவிட வேண்டும். முதலில் நீ ஓட்டு, நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். புதைந்தால் இறங்கிக் காற்றை இறக்க இந்த முறை நான் இருக்கிறேன்.

வருகிறேன் என்று ஒரு வார்த்தை மட்டும் அனுப்பு. மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன்
ரிப்பன்