பதினாலாம் நாள் எனக்காக ஓடியவர்களுக்கு

முதல் நன்றி எங்கள் ஊர் நர்ஸக்காவுக்கு. பிரசவமான 14ஆம் நாள் குழந்தையை எடை பார்க்கத்தான் வந்தீர்கள், பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம், ஆனால் தராசை மடித்துக்கொண்டே "உனக்கு ரத்தப்போக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். பரவாயில்லக்கா என்றேன். முந்தின நாளிலிருந்தே திரும்பவும் சிவப்பாகப் போய்க்கொண்டிருந்தது, காலையில் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு நாப்கின் நனைந்து எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி விழுந்தது, பிள்ளை பெற்ற உடம்பு அழுக்கு ரத்தம் போகட்டும் என்று பெரியவர்கள் சொன்னதை நானும் நம்பிவிட்டேன். நீங்கள் நம்பவில்லை. படுக்கவைத்து அடிவயிற்றை அமுக்கிப் பார்த்து, "இந்நேரம் கர்ப்பப்பை சுருங்கி உள்ளே இறங்கியிருக்கணும், இன்னும் கைக்குத் தட்டுது, நஞ்சுக்கொடி உள்ளே தங்கியிருக்குமோன்னு சந்தேகமா இருக்கு" என்றபடியே 108க்குப் போன் போட்டீர்கள்.

ஆம்புலன்ஸில் வந்த அக்கா, ஒரு கையில் டிரிப்ஸ் ஏற்றிவிட்டு என் காலைத் தூக்கி வைத்து, கண்ணை மூட விடாமல் பாப்பாவுக்கு என்ன பேர், யார் வைத்தது என்று வழியெல்லாம் பேச்சுக் கொடுத்தீர்கள். என் ரத்த வகையை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குச் சொன்னதும் நீங்கள்தான்.

டூட்டி டாக்டரம்மா, அழுதுகொண்டிருந்த என் அம்மாவிடம் நின்று நிதானமாக விளக்கினீர்கள்: நஞ்சுக்கொடி முழுசாக வந்த மாதிரிதான் தெரியும், சின்னத் துண்டு ஒட்டி நின்றுவிட்டாலும் கர்ப்பப்பை சரியாகச் சுருங்காது, ரத்தம் நிற்காது, கிருமியும் சேரும். ஸ்கேனில் அந்தத் துண்டைக் காட்டினீர்கள். ஹீமோகுளோபின் 6.2க்கு இறங்கியிருந்தது. அப்புறம் தியேட்டரில் மயக்கம் கொடுத்து எடுத்தீர்கள். இந்தச் சமயத்தில் கர்ப்பப்பை மெத்தென்று இருக்கும், ஓட்டை விழுந்துவிடக்கூடாது என்று வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஏ நெகட்டிவ் இரண்டு யூனிட் கொடுத்த தம்பிகளே, உங்கள் முகம்கூட எனக்குத் தெரியாது. பரீட்சை முடிந்த கையோடு பைக்கில் வந்தீர்களாம்.

நான் உள்ளே இருந்த நேரத்தில் என் மகள் பசியில் வீறிட்டபோது பாலாடையில் பால் புகட்டி, தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்த ஆயாம்மா, உங்களை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

அவளுக்கு மூன்றரை மாதம் ஆகிறது. புதன்கிழமை ஊசிக்குத் தூக்கி வருகிறேன் நர்ஸக்கா, கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.