முதலில் படிக்க வேண்டியது

அன்புத் தங்கைக்கு,

தத்தெடுக்கும் குழந்தை வருவதற்குள் என்ன படித்து வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். புத்தகங்கள் பிறகு இருக்கட்டும். தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் இணையதளத்தில் குழந்தையைக் காட்டும்போது கூடவே இரண்டு அறிக்கைகள் வரும்: குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை. முதலில் அவற்றைப் படி. முன்பதிவு செய்ய 48 மணி நேரம்தான். அந்தப் படபடப்பில் போட்டோவைத் தாண்டிக் கண் நகராது, எனக்கும் நகரவில்லை. மருத்துவ அறிக்கையை அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடு. எடையும் தலைச் சுற்றளவும் நமக்கு வெறும் எண்கள், அவருக்கு அப்படியில்லை.

ஆய்வு அறிக்கையை நீயே நிதானமாகப் படி. 'ஒப்படைக்கப்பட்ட' குழந்தையா, 'கைவிடப்பட்ட' குழந்தையா என்று பார். இரண்டும் ஒன்றல்ல. ஒப்படைத்தவர்கள் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து கையெழுத்திட்டவர்கள். மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு.

இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். என் மகளுக்கு ஐந்து வயது. ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். "என்னை வேண்டாம்னு போட்டுட்டாங்களாம்மா?" என்றாள். "போடலடா. பத்திரமான இடத்துல கொண்டுவந்து குடுத்தாங்க" என்றேன். அந்தத் தாளைப் படித்திருந்ததால் குரல் நடுங்காமல் சொல்ல முடிந்தது. "அன்னைக்கு என்ன புடவை கட்டியிருந்தாங்க?" என்றாள். அது தாளில் இல்லை. தெரியாது என்றேன். ஏதோ ஒரு நிறத்தைச் சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. சொல்லாதது நல்லது. 18 வயதானால் தன் வேர்களைத் தேட அவளே விண்ணப்பிக்கலாம். அன்றைக்கு என் பேச்சு பொய்யாக நிற்கக் கூடாது.

ஒரு நோட்டு வாங்கி இப்போதே எழுத ஆரம்பி. போட்டிருந்த உடை, வழியில் அழுதது, முதலில் சாப்பிட்டது எல்லாம் வேண்டும். குழந்தைகள் இல்லத்திலிருந்து அவள் போட்டு வந்த கவுனை நான் துவைக்கவில்லை. எங்கள் வீட்டில் அவளுக்குப் பழகிய வாசனை அது ஒன்றுதான். மூன்று இரவு அதைக் கையில் சுருட்டிக்கொண்டுதான் தூங்கினாள். வளர்ப்புப் பராமரிப்புக்கு, அதாவது தத்தெடுக்காமல் கொஞ்ச காலம் வைத்து வளர்க்க, குழந்தையை அழைத்து வரும் உன் தோழியும் நோட்டு எழுதட்டும். பிள்ளை சொந்த வீட்டுக்குத் திரும்பினால் நோட்டும் கூடவே போக வேண்டும்.

இன்னொன்று. "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் பிள்ளைகளைச் சீண்டுவார்களே, அதை அத்தையிடமும் பெரியம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லி நிறுத்திவிடு. எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். அவர்கள் மனதில் துளி கெடுதல் இல்லை. ஆனால் அன்று ராத்திரி தவிடு என்றால் என்ன என்று என்னிடம் கேட்டாள்.

அறிக்கை வந்ததும் போன் பண்ணு. எந்நேரமானாலும் சரி, சேர்ந்து படிப்போம்.

உன் அக்கா