முதலில் இலையைப் பற்றிக் கேள், மருமகனே

அன்புள்ள மருமகனுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். முக்கூடல் பீடிக் கடையில், வீட்டில் சுற்றிக் கொண்டுவரும் பீடியைப் பார்த்து எடுக்கிற செக்கிங்குக்கு உட்கார்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பீடியைக் கழித்ததற்காக ஒரு அக்கா தட்டை உன் மேசையில் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார். "நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்திட்டாங்க அத்தை" என்றாய். சரி. "வேலை தெரியாதவங்கல்லாம் எதுக்குப் பீடி சுத்த வாறீங்க?" என்று நீ கேட்டதும் அதே நாலு பேர் முன்னாடிதானே?

நான் பதினெட்டு வருஷம் பீடி சுற்றியவள். ஆயிரம் பீடி என்றால் 25 பீடியாக 40 கட்டு. கடையில் கொடுக்கும் இலையை ராத்திரியே நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைப்போம். விடியுமுன் எழுந்து வெட்டி, அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே சுற்றி முடிப்போம். அதில் இரண்டு கட்டைச் சரியில்லை என்று நீ கழித்தால் கூலி போகும். எண்ணிக்கையை நிரப்ப இலையைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டியும் வரும். அதோடு உன் வார்த்தையும் சேர்ந்தால் அவர் எப்படிப் பொறுப்பார்?

பீடி கெடுவதற்குக் கை மட்டுமா காரணம்? ஓட்டை விழுந்த இலை, நரம்பு தடித்த இலை, தொட்டாலே நொறுங்குகிற பழைய இலை வந்தால் பழகின கையும் தடுமாறும். நான் போன கடையில் ஒருத்தர் இருந்தார். கழிக்கிற கட்டை நம் கண்முன்னே பிரிப்பார். "இந்த நாலுலயும் நுனி பிரிஞ்சிருக்கு பாருங்க, இலை எப்படி இருந்துச்சு?" என்பார். சொல்வதை நோட்டில் குறித்துக்கொள்வார். அவரும் கழித்தார்தான். ஆனாலும் நாங்கள் மறுநாள் முகம் பார்த்துப் பேசினோம்.

இந்தத் தகராறு பழசு. இலை, புகையிலைத் தூள் கொடுப்பதிலும் பீடி கழிப்பதிலும் வரும் பிரச்சினையை யார் தீர்ப்பது என்று 1966-ஆம் வருஷத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுத வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் போகவிடாதே.

அந்த அக்கா வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டாம், ஊர் வேறு மாதிரி பேசும். கடைக்கு வரும்போது கூட்டம் கரையட்டும். "அன்னைக்கு நான் பேசினது தப்புக்கா" என்று முதலில் சொல். அப்புறம் அவருக்குக் கொடுத்த இலையில் மிச்சம் இருந்தால் எடுத்து வை, இரண்டு பேருமாகப் பிரித்துப் பாருங்கள்.

அன்புடன்,
உன் அத்தை