படகு நேரத்தை ரயில் நிலையத்திலேயே எழுதிப் போடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்தில் முதுகுப் பையோடு இறங்கும் பிள்ளைகள் பலர் கேட்பது ஒன்றுதான்: "நெடுந்தீவுக்கு எப்படிப் போறது?" வாசலில் நிற்கும் ஓட்டோக்காரர்தான் பதில் சொல்கிறார். பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு தாண்டி, குறிகட்டுவான் இறங்குதுறை. சரியான வழிதான். நடந்துபோகும் தூரத்தில் பஸ் நிலையம் இருப்பதை மட்டும் சொல்லமாட்டார். அவர் பிழைப்பு அது.

போவதை விடத் திரும்புவதுதான் சிக்கல். காலையில் கொழும்பில் ஏறியவர் இங்கே இறங்கும்போது மதியம் கடந்துவிடும். உடனே குறிகட்டுவானுக்கு ஓடினால் கிடைப்பது மாலைப் படகு. அது வேலைக்கும் வைத்தியத்துக்கும் பட்டணம் வந்த எங்கள் நெடுந்தீவு ஊரவர் வீடு திரும்பும் படகு. மறுநாள் காலைதான் மறுபடி இந்தப் பக்கம் வரும். குதிரைகளையும் பெருக்கு மரத்தையும் பவளக்கல் மதில்களையும் பார்த்துவிட்டு இருட்டுமுன் திரும்பலாமென்று வந்த இரண்டு பேர், போன வருடம் எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்தார்கள். நல்ல பிள்ளைகள். ஒடியற்கூழை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

நயினாதீவென்றால் கவலையில்லை. அதே துறையிலிருந்து கால் மணி நேரம்தான். நாகபூசணி அம்மனையும் நாக விகாரையையும் கும்பிட்டுவிட்டு அன்றே வரலாம். நெடுந்தீவோ ஒரு மணி நேரக் கடல். சோளகம் வீசும் காலத்தில் அந்த ஒரு மணி நேரம் போதும், சாப்பிட்டதெல்லாம் வெளியே வர.

1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் திரும்பியபோது மேடையோரம் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். அந்த ரயிலில் வருபவர்களுக்காகத்தான் கேட்கிறேன். ரிக்கெற் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு பலகை வேண்டும். தீவுகளுக்குப் படகு புறப்படும் நேரம், அன்று திரும்பிவரும் கடைசிப் படகின் நேரம், எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் ஊர்காவற்றுறையில் ஏறலாம் என்ற குறிப்பு, கடல் கொந்தளித்தால் "இன்று படகில்லை" என்று ஒரு வரி. நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் அச்சடித்த பலகை உதவாது. கரும்பலகையே போதும்.

எழுத ஆள் இல்லையென்றால் வெண்கட்டியோடு நான் வருகிறேன். முப்பது வருடம் எழுதிய கை, இன்னும் கோணவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
நெடுந்தீவு.