துர்காபாய் கண்காட்சிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். ஜூலை 15, விடுதலைப் போராட்டத்திலும் பெண் கல்விக்கும் உழைத்த துர்காபாய் தேஷ்முக் பிறந்த நாளுக்கு எங்கள் தெரு நூலகத்தில் வைத்த சின்னக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. ஆளாளுக்குப் போன் போட்டு நன்றி சொல்லலாம் என்றுதான் இருந்தேன், பட்டியல் நீண்டுகொண்டே போனதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி வாசலில் டிக்கெட் கொடுத்த எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு. டிக்கெட் இரண்டு ரூபாய். அவளுடைய தலைமையாசிரியையே வந்தபோதும் "டிக்கெட் வாங்கிட்டுப் போங்க டீச்சர்" என்று கையைக் குறுக்கே நீட்டிவிட்டாள். 1923 காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டுக் கண்காட்சியில் பதினான்கு வயது துர்காபாய், டிக்கெட் இல்லாமல் வந்த நேருவை நிறுத்திய கதையை முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன். இந்த அளவுக்கு மனதில் ஏற்றிக்கொள்வாள் என்று யார் கண்டது! சிரித்துக்கொண்டே சில்லறை தேடிய டீச்சருக்கும் நன்றி.

தெலுங்குக் குறிப்புகளைப் படித்துச் சொன்ன மூன்றாம் மாடி மாமிக்கு ஒரு கும்பிடு. பேனரில் துர்காபாய் பிறந்த வருடம் 1909 என்பது 1990 ஆகி வந்தது, அச்சடித்த கடையைச் சொல்ல மாட்டேன், இரவு பதினோரு மணிக்குக் காகிதம் வெட்டி ஒட்டிய தம்பிகளே, உங்களுக்கு பிரியாணி பாக்கி இருக்கிறது.

அரசியல் நிர்ணய சபை, திட்டக் கமிஷன், 1958ல் பெண் கல்விக்கான தேசியக் குழுவின் தலைவர் என்று பதவிகளை எழுதி வைத்த பலகையை யாரும் நின்று படிக்கவில்லை. கூட்டம் நின்றது, உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போய் வந்த பிறகுதான் அவர் மெட்ரிக் (அந்தக் காலப் பள்ளி இறுதித் தேர்வு) எழுதினார், அப்புறம் சென்னையில் சட்டம் படித்தார் என்ற பலகைக்கு முன்னால். 1937ல் இதே ஊரில் ஆந்திர மகிளா சபா என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கி, மெட்ரிக் எழுத நினைத்த பெண்களுக்கு வகுப்பு நடத்தியதும் அந்தப் பலகையில்தான் இருந்தது.

பெரியம்மா, உங்களுக்குத்தான் பெரிய நன்றி. மைக்கைப் பார்த்தாலே ஓடுகிற நீங்கள் வந்து பேசினீர்களே. துர்காபாய் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் 1958ல் கொண்டுவந்த, படிப்பை விட்ட பெண்களுக்கான இரண்டு வருடச் சுருக்கப் படிப்பில் நீங்கள் இருபத்துநாலு வயதில் சேர்ந்ததை நம் வீட்டிலேயே பாதிப் பேர் அன்றுதான் கேட்டோம். நாலாம் வகுப்பு படித்த அண்ணனும் நீங்களும் ஒரே விளக்கில் கணக்குப் போட்டதையும், பின்னம் புரியாமல் நீங்கள் அழுதபோது அவன் தோசையைப் பிய்த்து வைத்துக் காட்டியதையும் சொன்னபோது அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். வெயிலாம், தண்ணீர் குடிக்கப் போனானாம். சரி, நம்பிவிட்டோம்.

டிக்கெட் வசூல் 214 ரூபாய். நம் தெரு அக்கா ஒருவர் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப்போகிறார், மீதியை நாங்கள் போட்டுத் தேர்வுக் கட்டணம் கட்டிவிட்டோம். பலகைகள் எங்கள் வீட்டு மாடியில் இருக்கின்றன, எந்தப் பள்ளிக்காவது வேண்டுமென்றால் ஆட்டோவோடு வாருங்கள்.