சென்னைக் கிளையும் உச்சநீதிமன்றத்தின் இரண்டு வேலைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் உச்சநீதிமன்றக் கிளை வேண்டும் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம் அது தென்மாநிலங்களின் மனக்குறையாகவே பேசப்பட்டு, சில நாள்களில் அடங்கிவிடுகிறது. அந்தக் கோரிக்கைக்கு அடியில் நம் நீதித்துறையின் அமைப்பைப் பற்றிய பெரிய கேள்வி ஒன்று கிடப்பதை அதிகம் பேர் கவனிப்பதாகத் தெரியவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

அரசியலமைப்புச் சட்டம் உச்சநீதிமன்றத்திடம் முக்கியமாக இரண்டு வேலைகளை ஒப்படைத்திருக்கிறது. நாடாளுமன்றமும் அரசும் தத்தம் எல்லைக்குள் நடக்கின்றனவா என்று பார்ப்பது ஒன்று. கீழிருந்து வரும் மேல்முறையீடுகளைக் கேட்பது மற்றொன்று. முதல் வகையில், அரசியலமைப்பைப் பொருள்கொள்வது தொடர்பான முக்கியக் கேள்வி எழுந்தால் குறைந்தது 5 நீதிபதிகள் அமர வேண்டும் என்கிறது பிரிவு 145(3). இரண்டாவது வகையைப் பெரும்பாலும் இருவர் அமர்வுகளே முடித்துவிடுகின்றன. ஆகவே அப்படி 5 பேர் அமரும் அரசியல் சாசன அமர்வு ஒன்று கூடினால் அத்தனை நாளும் இரண்டு அமர்வுகளின் அன்றாட வேலை நின்றுபோகும். அன்றாட வேலையோ, மேல்முறையீடு செய்ய உச்சநீதிமன்றத்திடமே அனுமதி கேட்கும் சிறப்பு அனுமதி மனுக்கள், பிரிவு 136 விதிவிலக்காக அனுமதித்தவை, வழக்கமாகிவிட்டதால் மலையாகக் குவிந்து கிடக்கிறது. 1950-இல் தலைமை நீதிபதியோடு சேர்த்து 8 ஆக இருந்த நீதிபதிகளின் எண்ணிக்கை 2019-இல் 34 ஆக உயர்ந்தும் நிலைமை மாறவில்லை.

இதில் பின்னுக்குத் தள்ளப்படுவது முதல் வேலைதான். 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்ட பணமதிப்பு நீக்கம் செல்லுமா என்ற வழக்கில் தீர்ப்பு வந்தது 2023 ஜனவரியில். அதற்குள் பழைய நோட்டுகளைப் பற்றிப் பேச எதுவும் மிச்சமில்லை. கட்சிகளுக்குப் பெயர் வெளியிடாமல் நன்கொடை தர வழிசெய்து 2018-இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று 2024 பிப்ரவரியில் 5 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். இடையில் ஒரு மக்களவைத் தேர்தலும் பல சட்டமன்றத் தேர்தல்களும் அந்தப் பணத்தோடே நடந்து முடிந்தன. காலம் கடந்து வரும் இத்தகைய தீர்ப்பு சட்ட மாணவர்களுக்குப் பயன்படலாம். வாக்காளருக்கு என்ன பயன்?

இனி மேல்முறையீட்டுப் பக்கத்தைப் பார்ப்போம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வண்டிப்பாதை பாத்தியம் பற்றிய வழக்கு முன்சீப் கோர்ட்டில் தொடங்கி, சார்பு நீதிமன்றத்தில் முதல் மேல்முறையீடும் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இரண்டாம் மேல்முறையீடும் முடிந்து, மூன்று இடத்திலும் ஒருவரே ஜெயித்ததாக வைத்துக்கொள்வோம். தோற்றவர் டெல்லியில் சிறப்பு அனுமதி மனு போட்டால், ஜெயித்தவரும் டெல்லிக்கு ஆள் தேடத்தான் வேண்டும். அங்கே மனுவையோ வக்காலத்தையோ தாக்கல் செய்ய ஊர் வக்கீலால் முடியாது, ஏ.ஓ.ஆர். (அட்வகேட் ஆன் ரெக்கார்டு) என்று உச்சநீதிமன்றத்தில் பதிவு பெற்ற வக்கீல் வேண்டும். அவருக்கு உச்சநீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அலுவலகம் இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. கிரயப் பத்திரம் முதல் சாட்சிகளின் வாக்குமூலம் வரை தமிழில் உள்ள ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் செலவு தனி. மனு முதல் நாளிலேயே தள்ளுபடியானாலும் செலவழித்தது திரும்பாது. டெல்லியை ஒட்டிய உயர்நீதிமன்றங்களிலிருந்து மேல்முறையீடுகள் விகிதத்தை மீறிப் போவதற்கு அங்குள்ளவர்களுக்கு அநீதி அதிகம் நடப்பதா காரணம்?

தீர்வு ஒன்றும் புதிதல்ல. உச்சநீதிமன்றத்துக்குள் அரசியலமைப்புப் பிரிவு ஒன்றைத் தனியே அமைக்கலாம் என்று சட்ட ஆணையம் 1984-இலேயே தன் 95-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2009-இல் வந்த 229-ஆவது அறிக்கை, அரசியல் சாசன அமர்வு டெல்லியில் இருக்கட்டும், மேல்முறையீட்டு அமர்வுகளை டெல்லி, மும்பை, கொல்கத்தா ஆகிய நகரங்களிலும் தெற்கே சென்னை அல்லது ஐதராபாத்திலும் அமைக்கலாம் என்றது. 2023-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவும் வட்டார அமர்வுகளை வலியுறுத்தியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தலைமை நீதிபதி குறிக்கும் வேறு இடங்களிலும் உச்சநீதிமன்றம் அமரலாம் என்று பிரிவு 130 வெளிப்படையாகவே சொல்வதால், அரசியலமைப்பைத் திருத்தும் தேவைகூட எழாமல் போகலாம்.

கிளைகள் வந்தால் நீதிமன்றத்தின் ஒருமைப்பாடு குலையும் என்பதுதான் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் மறுப்பு. மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று தொடங்கும்வரை கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் ஒவ்வொரு வழக்குக்கும் சென்னைக்கு ரயில் ஏறினார்கள். கிளை வந்தபின் சென்னை உயர்நீதிமன்றம் இரண்டாகிவிட்டதா? ஒரே தலைமை நீதிபதி, ஒரே சட்டம் என்றுதானே நடக்கிறது? ஒரே கட்டடத்துக்குள் அடுத்தடுத்த அறைகளில் இருக்கும் இருவர் அமர்வுகள் முரண்பட்ட தீர்ப்புகள் தந்து, அவற்றைச் சரிசெய்யப் பெரிய அமர்வு கூடும் கதை உச்சநீதிமன்றத்துக்குப் புதிதும் அல்ல. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் தலைநகர் பெர்லினில் இல்லை, கார்ல்ஸ்ரூவில் இருக்கிறது; அந்த நாடு அதனால் குலைந்துவிடவில்லை.

காணொலி விசாரணை வந்தபின் கிளை எதற்கு என்போருக்கும் ஓரளவு நியாயம் உண்டு. வாதாடும் தூரத்தை அது குறைத்திருக்கிறது. ஆனால் அந்த 16 கிலோமீட்டர் விதியை அது தொடவில்லை. கிளை அருகில் வந்தால் மேல்முறையீடுகள் பெருகும் என்ற அச்சத்தைத்தான் நான் மெய்யான மறுப்பாகக் கருதுகிறேன். அதற்கு மருந்து தூரத்தைக் காவல் வைப்பதா? உயர்நீதிமன்றம் முடித்துவைத்த சாதாரணச் சொத்து வழக்கு அத்தோடு முடிந்தது என்று ஏற்கும் அளவுக்குப் பிரிவு 136-இன் வாசலை உச்சநீதிமன்றமே குறுக்கிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் கிளை மட்டும் திறந்தால் நிலுவையில் பாதி டெல்லியிலிருந்து சென்னைக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

எனவே நம் நாடாளுமன்ற உறுப்பினர்களும் வழக்கறிஞர் சங்கங்களும் சென்னைக் கிளையை மட்டும் தனியே கேட்காமல், நிரந்தர அரசியல் சாசன அமர்வு, பிரிவு 136-க்கு எழுத்திலான வரையறை ஆகியவற்றையும் சேர்த்தே முன்வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கிளை அமையும்வரை, உயர்நீதிமன்றம் உள்ள நகரங்களில் அலுவலகம் வைத்திருப்பவர்களும் ஏ.ஓ.ஆர். ஆகலாம் என்று விதியைத் திருத்தலாம். அதற்கு நாடாளுமன்றத்தில் மசோதா எதுவும் கொண்டுவரத் தேவையில்லை, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு உச்சநீதிமன்றமே தன் விதிகளை மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அம்பாசமுத்திரம்.