கடற்கரைப் பூங்கா: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் முடிய நம் சங்கம் ஆற்றிய பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிக்கவிருக்கிறார். உறுப்பினர் சேர்க்கையும் சந்தா வசூலும் வழக்கம்போல் நடந்தன. ஆகவே, ஆண்டு முழுவதும் நம் நேரத்தையும் நினைவையும் எடுத்துக்கொண்ட ஒரே பணியான கடற்கரைப் பொதுப் பூங்காவைப் பற்றியும், அதை இந்தக் கரைக்கே உரிய பூக்களைக் கொண்டு வடிவமைக்க நாம் எடுத்த முடிவைப் பற்றியும் மட்டுமே இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் நாம் ஒப்புதல் அளித்த வரைபடம் உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். நடுவில் பச்சைப் புல்தரை, நுழைவாயிலில் காகிதப்பூ வளைவு, கடலை நோக்கி நேராகச் செல்லும் கல்பாதை, அதன் இருபுறமும் உயரமான விளக்குக் கம்பங்கள் என்று அது அமைந்திருந்தது. ஊருக்குள் இருக்கும் எந்தப் பூங்காவுக்கும் பொருந்தக்கூடிய அந்த வரைபடத்தில், பூங்கா நிற்கப்போவது மணல்மேட்டின் மீது என்பதற்கான அடையாளம் எதுவுமே இல்லை என்பதை நாம் அப்போது கவனிக்கவில்லை.

கவனிக்க வைத்தது ஒரு தவறு. பணியைத் தொடங்குமுன் இடத்தைத் 'துப்புரவு' செய்ய வேண்டும் என்று செயற்குழு முடிவெடுத்து, பொக்லைன் இயந்திரம் கொண்டு முன்பகுதியில் மண்டிக் கிடந்த கொடிகளையும் முட்புல்லையும் வழித்தெடுக்கச் செய்தோம். அந்தத் தீர்மானத்தில் கையொப்பமிட்டவன் நான். எனவே அதன் பொறுப்பும் எனக்கு உண்டு. தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று வலுத்த மாதங்களில் வழித்த இடத்திலிருந்து மணல் கிளம்பி, அளவுக்கல் நட்டு வைத்திருந்த பாதையை முழுவதும் மூடியது. நாற்றங்காலுக்காகப் போட்ட கொட்டகைக்குள் முழங்கால் அளவுக்கு ஏறியது. வடக்குப் பக்கத்தில் படகுகள் நின்றதால் இயந்திரம் போக முடியாமல் விடுபட்ட துண்டு நிலத்திலோ, மணல் அசையவே இல்லை.

அந்தத் துண்டில்தான் மணலில் படரும் அடும்புக் கொடியை நான் முதன்முதலாக அருகில் அமர்ந்து பார்த்தேன். ஒரு கொடியின் நுனியைப் பிடித்து மெல்லத் தூக்கியபோது, நூல் பிரிவதுபோல அது மணலிலிருந்து வரவில்லை. கணுவுக்குக் கணு வெள்ளை வேர் இறங்கி, ஒவ்வொரு கணுவும் தனித்தனிச் செடியாகவே மணலைப் பிடித்துக்கொண்டிருந்தது. காற்று வரும் பக்கத்தில் இலைகளின் கீழே மணல் குவிந்திருக்க, குவிந்த மணலுக்கு மேலே கொடி மீண்டும் எழுந்து புது இலை விட்டிருந்தது. மணல் மூட மூட மேலேறி வளரும் இந்தக் குணத்தால்தான் மேடு எழும்புகிறது. சங்க இலக்கியப் புலவர்கள் மானின் அடியோடு ஒப்பிட்ட பிளவுபட்ட இலையையும், குதிரையின் கழுத்துமணியோடு ஒப்பிட்ட பூவையும் உடைய இக்கொடியைக் களை என்று வழித்தெறிந்ததற்காக, நம் சங்கத்தின் சார்பில் என் வருத்தத்தை இங்கே பதிவு செய்கிறேன்.

அதற்குப் பிறகு கூடிய செயற்குழு பழைய வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, கடலிலிருந்து நிலம் நோக்கி வரிசை வரிசையாகப் பூங்காவை அமைப்பது என்று முடிவு செய்தது. இந்த வரிசை நம் கற்பனையில் தோன்றியதன்று. அலை உடைவதால் காற்றில் தெறிக்கும் உப்புத் திவலை கரையோரத்தில் மிகுந்தும் உள்ளே செல்லச் செல்லக் குறைந்தும் படிகிறது. அதைத் தாங்காத செடியின் கடல்பார்த்த குருத்துகள் கருகிவிட, மறுபக்கக் குருத்துகள் மட்டும் வளர்கின்றன. இயற்கையான கரையில் செடிகொடிகள் கடற்பக்கம் தாழ்ந்தும் நிலப்பக்கம் உயர்ந்தும் ஒரு சாய்கூரை போல நிற்பதற்கு இதுவே காரணம். முன்னே நிற்பது பின்னே நிற்பதைக் காக்கிறது. நடுவில் ஒரு வரிசையை எடுத்துவிட்டால் அதன் பின்னே உள்ளது கருகும். இதை வழித்த பகுதிக்குப் பின்னே நின்ற இளம் பூவரசங்கன்றுகளின் பழுத்த இலையோரங்களில் கண்ணெதிரே பார்த்தோம்.

முதல் வரிசையில் அடும்பும் இராவணன் மீசைப் புல்லும், ஊதா நிறத்தில் பூக்கும் கடற்கரை அவரைக்கொடியும் இடம்பெறுகின்றன. இங்கே எரு இடுவதில்லை, செம்மண் கொட்டுவதில்லை, நீர் பாய்ச்சுவதில்லை. வளமான மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்தால் அதோடு களைவிதைகளும் வந்து சேரும்; ஏழை மணலில் வாழப் பழகிய செடிகள் அந்தக் களைகளோடு போட்டியிட முடியாமல் பின்வாங்கும். இராவணன் மீசையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்பதால், ஒரே புதரிலிருந்து எடுக்காமல் பல இடங்களிலிருந்து துண்டுகள் எடுத்து நட்டோம். காற்றில் பந்துபோல் உருண்டோடும் அதன் முள்விதைத் தலைகளைக் குழந்தைகள் துரத்தி விளையாடுவதைப் பூங்காவின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

வழித்த இடத்தை மீட்க, பனையோலைப் படல்களைக் காற்றுக்குக் குறுக்கே நட்டோம். முதலில் இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடைத்தபோது காற்று படலின் மேலாகத் தாவி அடியில் குழி பறித்தது. பாதிக்குப் பாதி இடைவெளி விட்டு மீண்டும் கட்டியபோதுதான் காற்றின் வேகம் தணிந்து மணல் படலின் பின்னே படியத் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அந்த மணலில் அடும்புத் தண்டுகளைப் பதியம் வைத்தோம். இன்று அவற்றில் பெரும்பாலானவை பிடித்துவிட்டன. பொக்லைனின் சக்கரம் அழுத்திய ஒரு பட்டை மட்டும் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

இரண்டாம் வரிசை புதர்களுக்கு உரியது. சங்கங்குப்பி, நொச்சி, எருக்கு ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுத்தோம். சங்கங்குப்பியை வேலியாக வெட்டிவிடலாம். வெட்டாமல் விட்டால், வெள்ளை இதழ்களுக்கு வெளியே நீண்டு நிற்கும் சிவந்த மகரந்தக் கம்பிகளோடு பூத்துக் குலுங்கும். எருக்கு பொதுப் பூங்காவில் எதற்கு என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டனர். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது எருக்கு போன்ற பால்வடியும் செடிகளின் இலையில்தான். அதன் புழு அந்த இலையைத் தின்றே வளர்கிறது. பூவை மட்டும் வைத்துவிட்டு இலையை விலக்கினால், வண்ணத்துப்பூச்சி வந்து தேன் குடித்துவிட்டுப் போகுமே தவிர, நம் பூங்காவில் பிறக்காது. எருக்கின் பால் கண்ணில் படக்கூடாது என்பதால், அதைப் பாதையை விட்டு எட்டவே வைத்திருக்கிறோம்.

மூன்றாம் வரிசையில் தாழையும், அதற்குப் பின்னே பூவரசும் புன்னையும் வருகின்றன. தாழையிலும் ஆண், பெண் வேறு. மணம் வீசும் மடல் ஆண் தாழையினுடையது. மணத்திற்காக ஆண் தாழையின் பக்கக்கன்றுகளையே எல்லோரும் நடுவதால் காய்க்கும் தாழை அருகிவிடும் என்று எண்ணி, இரண்டு வகையிலும் கன்றுகள் சேர்த்தோம். பூவரசம் போத்துகளை வெட்டி நட்டதில் சிரமமே இருக்கவில்லை. புன்னைதான் நம் பொறுமையைச் சோதித்தது. அதன் கொட்டையின் கடினமான ஓட்டோடு விதைத்தவை வாரக்கணக்கில் அசையாமல் கிடக்க, ஓட்டை மெல்லத் தட்டி உடைத்துப் பருப்புக்குக் காயம் படாமல் விதைத்தவை முன்னதாகவே முளைத்தன. நாற்றங்காலைப் பார்த்துக்கொண்ட மகளிர் அணியினர் விடுமுறை நாட்களிலும் வந்து இந்த வேலையைச் செய்தார்கள். அவர்களுக்குச் சங்கம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

சவுக்கைப் பற்றி நடந்த விவாதத்தையும் பதிவு செய்ய வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையெங்கும் தடுப்பரணாகச் சவுக்கு நடப்பட்டதை நாம் அறிவோம். அது விரைவில் வளரும், காற்றைத் தடுக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஆஸ்திரேலியாவையும் தென்கிழக்காசியாவையும் தாயகமாகக் கொண்ட மரம். அதன் உதிர்சருகு மெத்தைபோல் மூடிக்கொள்வதால் கீழே வேறு செடிகள் எளிதில் எழும்புவதில்லை. அலையெல்லைக்கு மிக அருகில் நட்டால் கடலாமைகள் முட்டையிடக் குழி தோண்ட இடமில்லாமல் வேர் பரவிவிடும். ஆகவே கடற்பக்கம் புதிதாகச் சவுக்கு நடுவதில்லை என்றும், நிலப்பக்கத்தில் ஏற்கெனவே நிற்கும் சவுக்குகளைப் புன்னை தலையெடுக்கும்வரை வெட்டுவதில்லை என்றும் முடிவு செய்தோம். நிற்கும் மரத்தை அவசரப்பட்டு வெட்டி, மீண்டும் ஒரு துப்புரவுத் தவறைச் செய்ய எனக்கு மனமில்லை. காகிதப்பூவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே; வளைவை விட்டுவிட்டோம்.

நீர் குறித்து ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. புல்தரைக்காகத் திட்டமிட்டிருந்த ஆழ்துளைக் கிணற்றைக் கைவிட்டோம். மணல்மேட்டில் விழும் மழை கீழிறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் எடை குறைந்தது என்பதால் இது நிகழ்கிறது. பொதுவான கணக்கில், கடல்மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். மேலே சிறிது இறைத்தாலும் கீழிருந்து உப்புநீர் அதே விகிதத்தில் ஏறிவரும் என்பதே இதன் மறுபக்கம். புல்தரை ஒன்றுக்காக, இந்தக் கரையில் குடியிருப்போரின் ஊற்றுகளை உவர்ப்பாக்க நமக்கு உரிமை இல்லை. மூன்றாம் வரிசைக் கன்றுகளுக்கு மட்டும் முதல் இரண்டு கோடைகளில் குடத்தால் நீர் ஊற்றுகிறோம். மேட்டின் பின்புறத் தாழ்வில் மழைநீர் தானாகத் தேங்கும் இடத்தைத் தூர்க்காமல் விட்டு, அதில் நீலநிற நெய்தலை வளர்க்க முயல்கிறோம். இந்த நிலத்திற்கே பெயர் கொடுத்த பூ இல்லாமல் பூங்கா நிறைவு பெறாது.

பாதையை நேராக அமைக்காமல், காற்று வரும் திசைக்குச் சாய்வாக வளைத்து, மேட்டைக் கடக்கும் இடத்தில் தரையிலிருந்து உயர்த்திய மரப்பலகை நடையாகப் போட்டிருக்கிறோம். நேர்ப்பாதை காற்றுக்கு வாய்க்காலாகிவிடும். அந்த இடைவெளியிலிருந்தே மேடு கரையத் தொடங்கும். படகு ஏற்றவும் வலை காயப்போடவும் மீனவர்கள் பயன்படுத்தும் இடம் வரைபடத்தில் அப்படியே விடப்பட்டுள்ளது. பூங்கா வந்ததால் அவர்கள் ஒதுங்க நேரிட்டால் அதைப் பொதுப் பூங்கா என்று அழைப்பதற்கு நியாயமில்லை.

விளக்குக் கம்பங்கள் வேண்டாம் என்ற முடிவுக்குத்தான் மிகுந்த எதிர்ப்பு வந்தது. பங்குனி ஆமை ஜனவரி முதல் மார்ச் வரை நம் கரையில் முட்டையிடுகிறது. ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவந்து, வெளிச்சம் மிகுந்த திசையைக் கடல் என்று நம்பி நகர்கின்றன. கரைப்பக்கம் விளக்கு எரிந்தால் அவை சாலையை நோக்கிப் போகும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின், மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. எனவே நுழைவாயிலில் மட்டும் முழங்கால் உயரத்தில், நிலப்பக்கம் பார்த்து மூடியிட்ட மங்கிய விளக்குகள் இருக்கும். ஆமைப் பருவத்தில் அவையும் அணைக்கப்படும். மாலை நடைக்கு வருவோரின் குறை எனக்குப் புரிகிறது. அந்த மாதங்களில் பூங்காவை அந்தியில் மூடுவதே பாதுகாப்பான வழி.

கரையோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதன்முதலில் 1991இல் வெளியானது; பிறகு 2011இலும் 2019இலும் வெளியான அறிவிக்கைகள், மணல்மேடுகளையும் ஆமை முட்டையிடும் இடங்களையும் மிகுந்த பாதுகாப்புக்குரிய வகையில் வைத்துள்ளன. புதிய வரைபடத்தில் சிமெண்டுக் கட்டுமானம் எதுவும் இல்லை. அனுமதிக்கான விண்ணப்பம் உரிய அலுவலகத்தில் இருக்கிறது. பதில் தாமதமாவதால் நடைபலகையின் இரண்டாம் பகுதி நிற்கிறது.

பூங்கா என்றால் கண்ணைப் பறிக்க வேண்டாமா என்று ஓர் உறுப்பினர் கூட்டத்தில் கேட்டார். அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே இங்கே சொல்கிறேன். அடும்பு விடியலில் விரிந்து, உச்சிக்குப் பின் வாடிவிடும். அதைப் பார்க்கக் காலையில் வர வேண்டும். பூவரசம்பூ காலையில் நடுவே கருஞ்சிவப்புப் பொட்டோடு மஞ்சளாக இருந்து, மாலைக்குள் சிவக்கத் தொடங்கி, மறுநாள் சிவந்தே உதிர்கிறது. ஒரே மரத்தில் நேற்றைய பூவும் இன்றைய பூவும் வெவ்வேறு நிறத்தில் நிற்கும். தாழை எங்கே பூத்திருக்கிறது என்பதைக் கண் காணுமுன் மூக்கு சொல்லிவிடும். இவற்றின் அருகே அந்தந்த நேரத்தைக் குறித்த சிறு பலகைகளை வைக்கவிருக்கிறோம். இதற்கான வாசகங்களைப் பள்ளி மாணவர்கள் எழுதி வருகிறார்கள்.

வரும் ஆண்டில் செய்ய வேண்டியவை: வெறுமையாக நிற்கும் பட்டையில் மீண்டும் படல் கட்டிப் பதியம் வைத்தல், புன்னங்கன்றுகளை ஐப்பசி மழையில் நிலத்திற்கு மாற்றுதல், நிலப்பக்கத்தில் பரவிவரும் சீமைக்கருவேலக் கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே கையால் வேரோடு பிடுங்குதல். இவற்றோடு, முதல் வரிசைக்குள் எந்த இயந்திரத்தையும் இறக்குவதில்லை என்ற தீர்மானத்தைச் செயற்குழு முன்மொழிகிறது. அத்தீர்மானத்தை நிறைவேற்றித் தருமாறும், இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறும் பொதுக்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்